சண்டை முடிஞ்சும் எமர்ஜென்சி முடியலயே, ஏன்?

ராத்திரிப்பறவை:
ரொம்ப நாளா ஒரு டவுட்டு. எதிரி பார்டர்ல நிக்கும்போது ஒவ்வொண்ணுக்கும் பார்லிமென்ட்ட கூட்டிட்டு இருக்க முடியாது, தலைவர் கைல கொஞ்சம் பவர் கூடத்தான் வேணும், அது ஓகே. ஆனா 1962ல சீனா சண்டை ஒரே மாசம்தான், நவம்பர் 21ல அவங்களே போர்நிறுத்தம்னு சொல்லிட்டாங்க, அக்டோபர் 26ல போட்ட எமர்ஜென்சி மட்டும் 1968 ஜனவரி வரைக்கும் ஓடிருக்கு. நேரு போயி, சாஸ்திரி வந்து போயி, இந்திரா வந்தும் எடுக்கல. எல்லா நாட்லயும் இப்படித்தானா?

பழையபேப்பர்:
நடுவுல 65ல பாகிஸ்தான் சண்டை வந்துச்சே, அத விட்டுட்டீங்க. ஆனாலும் தாஷ்கண்ட் ஒப்பந்தம் 66 ஜனவரி, அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் இழுத்தாங்க, அதுக்கு சாக்கே கிடையாது. விஷயம் என்னன்னா அப்ப இருந்த அரசியல் சட்டம் 352வது பிரிவுல ரெண்டு மாசத்துக்குள்ள ரெண்டு சபையும் ஒருதடவ ஓகே சொல்லிட்டா போதும், அப்புறம் முடிவு தேதியே கிடையாது, அரசாங்கமா பாத்து எடுத்தாத்தான் உண்டு. வெச்சிருக்கவனே மனசு வந்து குடுக்கணும்னா எவன் குடுப்பான். 71 டிசம்பர்ல போட்டதும் இதே கதை, 13 நாள்ல சண்டை ஓவர், அத எடுக்காமலே 75 ஜூன்ல மேல இன்னொண்ணு போட்டாங்க, ரெண்டும் போனது 77 மார்ச்லதான். ஆறு மாசத்துக்கு ஒருதடவ பார்லிமென்ட்ல மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வாங்கணும்ங்கறதெல்லாம் அப்புறம் 44வது திருத்தத்துல வந்தது.

சும்மாவந்தவன்:
கோர்ட்டுன்னு ஒண்ணு இருக்கே, அது தடுக்காதா?

பழையபேப்பர்:
1861ல அமெரிக்க ஜனாதிபதி லிங்கன பாருங்க. உள்நாட்டுப் போர் ஆரம்பம், காங்கிரஸ், அதாவது அவங்க பார்லிமென்ட், இன்னும் கூடல, வாஷிங்டனுக்கு பட்டாளம் வரணும்னா மேரிலாந்து வழியாத்தான் ரயில், அங்க பாலத்த எரிச்சுட்டாங்க. இவரு ஹேபியஸ் கார்ப்பஸ நிறுத்திட்டாரு, அதாவது பட்டாளம் ஒருத்தன பிடிச்சு உள்ள வெச்சா ஏன்னு கோர்ட்டு கேக்க முடியாது. பாலம் எரிச்ச கேஸ்ல மெர்ரிமேன்னு ஒருத்தர பால்டிமோர் கோட்டைல அடைச்சாங்க, தலைமை நீதிபதி டானி அவர கொண்டு வாங்கன்னு ஆர்டர் போட்டாரு, கடைசியா கோர்ட்டு அனுப்புன ஆள கோட்டை வெளிக்கேட்டுலயே நிறுத்தி அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க. இந்த பவர் காங்கிரசுக்குத்தான், ஜனாதிபதிக்கு இல்லன்னு டானி எழுதி வெச்சாரு, லிங்கன் கண்டுக்கவே இல்ல. சாதாரண கோர்ட்டு நடக்குற இடத்துல பொதுஜனத்த மிலிட்டரி கோர்ட்ல விசாரிக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு சொன்னது 66ல, அப்ப போரும் முடிஞ்சு லிங்கனும் செத்தாச்சு.

ஆனா ஒண்ணு, அதே மனுஷன் 64ல போருக்கு நடுவுலயே தேர்தல் நடத்தினாரு, தோத்துருவோம்னு நினைச்சும் தள்ளிப்போடல. அதுக்கு அவருக்கு மார்க் குடுத்தே ஆகணும்.

சும்மாவந்தவன்:
அப்ப இன்னொரு அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமேன்? கொரியா போர் நேரத்துல ஸ்ட்ரைக் வரப்போவுதுன்னு 1952 ஏப்ரல்ல ஸ்டீல் ஆலைங்கள அரசாங்கமே எடுத்துக்கிச்சு, ஜூன் 2ல சுப்ரீம் கோர்ட்டு 6-3ன்னு செல்லாதுன்னுருச்சு, அன்னைக்கே திருப்பிக் குடுத்துட்டாரு. போர் நடந்துட்டுத்தானே இருந்துச்சு.

பழையபேப்பர்:
ஆமா, ஆலை முதலாளிக்கு ரெண்டு மாசத்துல நியாயம் கிடைச்சுது. 1942ல ரூஸ்வெல்ட் ஒரு கையெழுத்துல வீட்ட விட்டு கிளப்பி கேம்ப்ல அடைச்ச ஜப்பான் வம்சாவளிக்காரங்க ஒரு லட்சத்து இருபதாயிரம் பேருக்கு? பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்கள்தான். அந்த வெளியேத்துற ஆர்டர் செல்லும்னு 44ல இதே கோர்ட்டு இதே 6-3ல சொல்லிச்சு. மன்னிப்பும் ஆளுக்கு 20,000 டாலரும்னு சட்டம் வந்தது 1988ல, உசுரோட இருந்தவங்களுக்கு மட்டும்.

ராத்திரிப்பறவை:
சரி, முடிவு தேதி போட்டு பவர குடுத்தா? உக்ரைன்ல 2022லேருந்து 90 நாளைக்கு ஒருதடவ பார்லிமென்ட்ல நீட்டிக்கிறாங்களே.

பழையபேப்பர்:
அங்க இன்னும் குண்டு விழுந்துட்டு இருக்கு, அது வேற. தேதி இருந்தா நல்லதுதான் ஆனா இஸ்ரேல்லயும்தான் பார்லிமென்ட்ல தேதி போட்டு போட்டு நீட்டிக்கிறாங்க. அது 1948ல அறிவிச்சது.