பைக்கில் கொண்டுபோக ஒரு சின்ன கிரில்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஏலகிரியில் ஒரு தனியார் தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். நாலு பேர், இரண்டு பைக். அங்கே கரி மூட்ட அனுமதி உண்டு. காட்டுக்குள் தீ மூட்டும் எண்ணமே இல்லை. மீனும் கோழியும் சுட, பைக் பையில் அடங்குகிற மாதிரி ஒரு கிரில் வேண்டும்.

கடையில் பார்த்த மடக்கு கிரில்களின் தகடு விரலால் அழுத்தினாலே நெளிகிறது. அதனால் பட்டறையில் சொல்லிச் செய்யலாம் என்று நினைக்கிறேன்: 304 ரக எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகட்டில் பெட்டி, அடியில் காற்றுத் துளை, புல் கருகாமலிருக்க மடக்குக் கால். பழைய ஜி.ஐ. வாளியை வெட்டிக்கொள்ளலாம் என்கிறான் மச்சான். அதன் துத்தநாகப் பூச்சு சூட்டில் புகைந்தால் நெஞ்சுக்கு ஆகாது, அது வேண்டவே வேண்டாம்.

1.5 மி.மீ. தகடு போதுமா, சூட்டில் கோணிக்கொள்ளுமா? கரிக்கும் கம்பி வலைக்கும் எத்தனை அங்குலம் விடுகிறீர்கள்? கோழித் தொடைக்கு வலையை உயர்த்த, பக்கத் தகட்டில் இரண்டு மூன்று காடி வெட்டலாமா? அப்புறம், சிரட்டைக் கரியா விறகுக் கரியா? செய்து வைத்திருப்பவர்கள் படம் போட்டால் பட்டறைக்காரரிடம் காட்ட வசதியாக இருக்கும்.