மறு: புவிவெப்பத் துளையிடல் – 'எதிரதிர்வுப் படம்' என் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

புவிவெப்பக் கிணறு தோண்டுமுன் தரையை அதிரவைத்து, உள்ளே இருப்பதைப் படமாக்கும் முறைக்கு (seismic imaging) நம் கலைச்சொல் தொகுப்பில் என்ன சொல் வைப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். 'நிலநடுக்கப் படிமம்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. மியூனிக்கில் 2015-16 குளிர்காலத்தில் கனரக அதிர்வு வண்டிகளைத் தெருக்களில் நிறுத்தி, தரையை அதிரவைத்து, ஆழத்திலிருந்து திரும்பி வந்ததைப் பதிவுசெய்தார்கள். வெந்நீர் தேங்கிய சுண்ணாம்புக்கல் அடுக்கு எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது, எந்தப் பிளவை நோக்கித் துளையைச் சாய்ப்பது என்பதற்கெல்லாம் அந்தப் படம்தான் வழிகாட்டி. இதில் நிலநடுக்கம் எங்கே வந்தது? நாளைக்கு நம் வேளச்சேரியில் அப்படி ஒரு வண்டி வந்து நின்று, செய்தித்தாளில் 'நிலநடுக்க ஆய்வு' என்று போட்டால் மக்கள் பயப்படத்தான் செய்வார்கள்.

'படிமம்' வேண்டாம். படிவு, படிவுப்பாறை, புதைபடிவம் என்று புவியியல் மாணவர் ஏற்கெனவே தடுமாறுகிறார்; 'படம்' போதும். குழுவில் இன்னொருவர் சொன்ன 'அதிர்வலை வரைவு' நல்ல சொல்தான். ஆனால் அது கருவி பதிவுசெய்யும் கோட்டுக்குப் பொருந்தும். படமாக்கம் என்பது அதற்கு அடுத்த வேலை: திரும்பி வந்த ஒவ்வொரு அலையும் எந்த இடத்தில் பட்டுத் திரும்பியதோ, கணக்குப் போட்டு அதை அங்கேயே கொண்டுபோய் வைப்பது.

'வெப்ப அதிர்வுப்படம்' என்ற யோசனையைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். இந்தப் படத்தில் வெப்பம் தெரியாது. அலையின் வேகமும் பாறையின் அடர்த்தியும் மாறும் எல்லைதான் தெரியும். இத்தாலியின் லார்தெரெல்லோவில் படத்தில் பளிச்சென்று தெரிந்த 'கே-எல்லை' என்ற ஆழமான எல்லையை நோக்கி 2017-இல் ஒரு பழைய கிணற்றை மேலும் ஆழமாக்கினார்கள். சுமார் 2.9 கிலோமீட்டர் ஆழத்தில் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. எதிர்பார்த்த பாய்மம் (நீர், நீராவி போன்றது) கிடைக்கவில்லை. படத்தில் பளிச்சென்று தெரிவதெல்லாம் நீராவி ஆகிவிடாது. சொல்லும் அப்படி ஒரு நம்பிக்கையைத் தரக்கூடாது.

எதிரொலி நம்மிடம் இருக்கிறது. அதே போக்கில் எதிரதிர்வு, எதிரதிர்வுப் படம், எதிரதிர்வுப் படமாக்கம். 'எதிர்' என்பதை 'எதிர்ப்பு' என்று யாராவது படித்துவிட மாட்டார்களா என்று கேட்கலாம். எதிரொலியை அப்படி யாரும் படிப்பதில்லையே.

அப்புறம், இந்தச் சொல்லை எல்லா இடத்துக்கும் நீட்டக்கூடாது. காவிரிப் படுகையின் படிவு அடுக்குகளில் எதிரதிர்வு நன்றாகக் கிடைக்கும். நம் பல்லாவரம் சார்னோகைட் மாதிரியான கடும்பாறையில் அப்படி அடுக்குகள் இல்லை, அதனால் படமும் தெளிவாக வராது. அமெரிக்காவின் யூட்டாவில் ஃபோர்ஜ் என்ற புவிவெப்ப ஆய்வுத் திட்டம் நடக்கும் இடத்தில் இருப்பதும் கிரானைட்தான். அங்கே 2022-இல் முதல் கிணற்றில் உயரழுத்தத்தில் நீரைச் செலுத்திப் பாறையை விரிசலிடச் செய்தார்கள். அப்போது எழுந்த மிகச் சிறிய அதிர்வுகள் எங்கெங்கே பிறந்தன என்று குறித்து, 2023-இல் இரண்டாம் கிணற்றை அந்த அதிர்வுப் புள்ளிகளின் ஊடாகத் துளைத்தார்கள். எதுவும் பட்டுத் திரும்பவில்லை, பாறையே எழுப்பிய அதிர்வு அது. இதற்கு 'நுண்ணதிர்வு' என்று தனிச்சொல் வேண்டும். இரண்டையும் ஒரே பதிவில் சேர்க்காதீர்கள் என்று தொகுப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

தரையின் அதிர்வை உணரும் கருவியான ஜியோபோனுக்கு 'நிலச்செவி' என்று குழுவில் அம்மா ஒருவர் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. மற்றவர்களும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கிண்டியிலிருந்து