ரிவார்டு பாயிண்ட் மதிப்பைக் குறைக்கும்போது என்ன செய்வது: டெல்டாக்காரர்களின் அனுபவப் பகிர்வு

தஞ்சாவூர்:
கிரெடிட் கார்டு ரிவார்டு பாயிண்டை விமான மைலாக (டிக்கெட் எடுக்க விமான நிறுவனம் தரும் புள்ளி) மாற்றலாம். வங்கி இந்த விகிதத்தைக் குறைத்தால் பாயிண்ட் எண்ணிக்கை அப்படியே இருக்கும், மதிப்புதான் இறங்கும். 2023 செப்டம்பர் 1-ல் ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டில் (பெரிய இருப்பு வைத்திருப்பவர்களுக்கான பர்கண்டி வகை தவிர) நடந்ததைப் பாருங்கள். அதுவரை 5 பாயிண்டுக்கு 4 மைல், அன்றிலிருந்து 2 மைல். முதல் நாள் 20,000 மைலாக மாறியிருக்க வேண்டிய 25,000 பாயிண்ட் மறுநாள் 10,000 மைல்தான். ஏற்கெனவே சேர்த்து வைத்ததற்கும் அதே கதி. நியாயமே இல்லை.

கணக்கு இப்படிப் போடுங்கள். டிக்கெட் 16,000 ரூபாய், மைலில் எடுத்தாலும் கையிலிருந்து கட்டும் வரி 4,000, தேவை 12,000 மைல் என்று வையுங்கள். மிச்சமாவது 12,000 ரூபாய், ஆக மைலுக்கு 1 ரூபாய். 5-க்கு 4 என்றால் 15,000 பாயிண்ட் போதும், பாயிண்டுக்கு 80 பைசா. 5-க்கு 2 என்றால் 30,000 வேண்டும், 40 பைசா. வங்கி விகிதத்தைத் தொடாவிட்டாலும், விமான நிறுவனம் டிக்கெட்டுக்கான மைலை ஏற்றினால் அடி நமக்குத்தான். அதனால் ஒரு பயணத்துக்குத் தேவையானது சேர்ந்ததும் செலவழித்துவிடுங்கள்.

கும்பகோணம்:
சிங்கப்பூர் போகிறவர்களுக்கு ஒன்று. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தில் திருச்சியிலிருந்து பறப்பது அதன் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தையே பிடிக்க சென்னை போக வேண்டும். அந்த ரயில் செலவையும் மேலே சொன்ன கணக்கில் கழியுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃப்ளையரில் மைல் 36 மாதத்தில் காலாவதியாகும். மாற்றிய பாயிண்ட் வங்கிக்குத் திரும்பாது. ஆகவே, முதலில் விமான நிறுவனத் தளத்தில் அந்தத் தேதிக்கு மைல் சீட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். மைல் வந்து சேரச் சில நாள் ஆகலாம், அதற்குள் சீட் போய்விடலாம். பயணத் தேதியில் கொஞ்சம் முன்பின் இருக்கட்டும்.

நம் ஊரில் அதிகம் சிக்குவது இனிஷியலில். கார்டில் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். பாஸ்போர்ட்டின்படி திறந்த மைல் கணக்குப் பெயரும் வங்கிப் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் பரிமாற்றம் நிராகரிக்கப்படலாம். வங்கியில் பெயரைத் திருத்த நாளாகும், இப்போதே பார்த்துவிடுங்கள்.

திருவாரூர்:
கல்யாண நகையை கார்டில் தேய்த்தால் பாயிண்ட் குவியும் என்று நம்பாதீர்கள். பல கார்டுகளில் நகை, வாடகை, பெட்ரோலுக்குப் பாயிண்டே கிடையாது. விலக்குப் பட்டியலைப் படித்துவிட்டு நகைக்கடைக்குப் போங்கள்.

ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டு கட்டணத்தை மாற்ற ஒரு மாத முன்னறிவிப்பு கட்டாயம். அது பிடிக்காமல் கார்டை மூடினால் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளுக்குள் மூடாவிட்டால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். ஆனால் அந்த விதி பேசுவது கட்டணத்தை. பாயிண்ட் விகிதத்தை அல்ல. இருந்தாலும் அறிவிப்பில் சொன்ன தேதிக்கு முன்பே விகிதத்தைக் குறைத்திருந்தால் விடாதீர்கள். அறிவிப்பு மின்னஞ்சலையும் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்து வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், உதவி எண் 14448. கார்டை மூடுவதானால் பாயிண்டை முதலில் எடுத்துவிடுங்கள். மூடிய பிறகு பெரும்பாலும் கிடைக்காது.