றம்பொடை இறக்கத்தில் நிற்கிறேன், பின் சில்லு மூன்றாம் தரம் காற்றுப் போய்விட்டது. அவசரம்

செங்கலடியான் | பகல் 1.10
வணக்கம். ஏ5 வீதியைச் சைக்கிளில் தனியாக முழுதும் ஓடுகிறேன், செங்கலடியில் தொடங்கிப் பேராதனையில் முடிப்பதாகத் திட்டம். இன்று காலை நுவரெலியாவிலிருந்து இறங்கினேன். லபுக்கலை தாண்டியதும் பின் சில்லில் காற்றுப் போனது. ஒட்டினேன். நாலு கிலோமீட்டர் போயிருக்க மாட்டேன், திரும்பவும் போனது. புது டியூப் போட்டேன், அதுவும் போய்விட்டது. இப்போது ஆஞ்சநேயர் கோயிலுக்கு மேலே ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் நிற்கிறேன். டயருக்குள் விரலால் தடவிப் பார்த்தேன், முள்ளும் இல்லை, கம்பியும் இல்லை. மழை இருட்டிக்கொண்டு வருகிறது. போனில் 18 சதவீதம்தான். என்ன செய்வது?

கொட்டகலைக்காரன் | 1.16
தம்பி, பதறாதீங்க. டயர் என்ன சைஸ், எவ்வளவு காற்று அடிச்சிருக்கீங்க? பிரேக் டிஸ்க்கா, ரிம்மைப் பிடிக்கிற கட்டையா? பின்னால் எவ்வளவு சாமான்? முக்கியமாக, ஓட்டை டியூபில் எந்தப் பக்கம்? ரோட்டுப் பக்கமா, ரிம் பக்கமா? இது தெரியாமல் சொல்வதெல்லாம் குருட்டு யோசனைதான்.

வெலிமடை ஓட்டம் | 1.19
உயரம்தான் காரணம். நுவரெலியா 1,868 மீட்டர். அங்கே வெளிக்காற்று மெலிசு, டியூபுக்குள் இருக்கிற காற்று விரியும். கொஞ்சம் இறக்கிவிட்டு ஓடுங்கள், சரியாகிவிடும்.

நெம்பி | 1.24
உயரம் காரணம் இல்லை. கடல் மட்டத்தில் அடித்த காற்றை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனாலும் 3 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அளவுக்குத்தான் கூடும், அங்குள்ள குளிர் அதையும் கொஞ்சம் குறைத்துவிடும். அதுவும் அவர் இறங்குகிறார், ஏறவில்லை. எனக்குத் தெரிந்து லொறி டயரிலிருந்து உதிரும் மெல்லிய கம்பியாகத்தான் இருக்கும். மயிர் அளவு இருக்கும், விரலுக்குத் தெரியாது. ஒரு பஞ்சுத் துண்டை டயருக்குள் ஓட்டிப் பாருங்கள், கம்பி இருந்தால் பஞ்சு மாட்டும்.

மலைச்சக்கரம் | 1.31
தட்டை ரோட்டில் பழகிவிட்டு மலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் நிற்கிறார்கள். ஒரே ஒரு மாற்று டியூபோடு தனியாகப் புறப்பட்டது முதல் பிழை. சாமான் நிறை, காற்று அளவு எதையும் எழுதாமல் உதவி கேட்பது இரண்டாவது பிழை. இந்த இறக்கத்தைப் பற்றி நான் பலமுறை விளக்கமாக எழுதியிருக்கிறேன். புறப்படுமுன் வாசித்திருக்கலாம்.

செங்கலடியான் | 1.38
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். டயர் 700க்கு 32. வரும் வழியில் ஒரு கடையில் 90 பி.எஸ்.ஐ. அடித்தேன். கட்டை பிரேக். பின்னால் 14 கிலோ. ஓட்டை மூன்றும் உள்பக்கம், ரிம் பக்கம்தான். டியூபில் வரிசையாகப் பயறு அளவு வட்டத் தழும்பு இருக்கிறது, ஓட்டை அந்தத் தழும்பின் நடுவில்.

கொட்டகலைக்காரன் | 1.42
அப்படிச் சொல்லுங்க! முள்ளும் இல்லை, கம்பியும் இல்லை. ரிம் பட்டிதான், ரிம்முக்குள் ஸ்போக் துளைகளை மூடுகிற பட்டி. அந்த வட்டத் தழும்பு ஸ்போக் துளையின் வாய். 90 பி.எஸ்.ஐ.யில் டியூப் பட்டியை அமுக்கித் துளைக்குள் பிதுங்குகிறது. இறக்கம் முழுக்கப் பிரேக் பிடித்தால் ரிம் சுடும், பிளாஸ்டிக் பட்டி இளகிக் குழிந்துவிடும். டியூபின் வால்வை ரிம்மில் உள்ள வால்வுத் துளைக்கு நேராக வைத்து வட்டமாகப் போட்டுப் பாருங்க, ஓட்டை ஒரு ஸ்போக் துளையில் போய் உட்காரும்.
செய்ய வேண்டியது: டயரைக் கழற்றி, பட்டி விலகியிருந்தால் நேராக்கி, அதன் மேல் துணிப் பிளாஸ்டர், காயத்துக்குப் போடுகிற வெள்ளைத் துணி ரகம், இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றுங்க. கரண்ட் டேப் வேண்டாம், சூட்டில் பசை வழுக்கும். வேறு வழியே இல்லை என்றால் செத்துப்போன டியூபைக் கத்தியால் பிளந்து நீளப் பட்டையாகப் போடலாம். ஒட்டிய டியூபைச் சொலூஷன் காய்ந்த பிறகே போடுங்க, 70க்கு மேல் அடிக்காதீங்க.

நெம்பி | 1.46
சரி, கம்பி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பின் பிரேக்கை மட்டும் இழுத்துக்கொண்டே வந்திருப்பார், அதுதான் பின் ரிம் மட்டும் சுட்டது.

மலைச்சக்கரம் | 1.49
மலையில் முன் பிரேக்கைப் பிடிக்கச் சொல்பவர்களுக்கு ஈரமான கொண்டைவளைவு தெரியாது. நான் பின்னாலேயே பிடித்துப் பழகியவன்.

நெம்பி | 1.53
நீங்கள் ஒரு ரிம்மிலேயே எல்லாச் சூட்டையும் ஏற்றுகிறீர்கள். நுவரெலியாவிலிருந்து கண்டி வரை சுமார் 1,350 மீட்டர் இறக்கம். ஆளும் வண்டியும் சாமானும் 100 கிலோ என்றால், அவ்வளவு உயரத்தின் சக்தி முழுவதும் காற்றுக்கும் ரிம்முக்கும்தான் போகும். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு முழுதாக விட வேண்டும். ரிம்முக்கு ஆற நேரம் கிடைக்கும்.

வெலிமடை ஓட்டம் | 1.58
ரோடு நனைந்தால் கட்டை பிரேக் பிடிக்க நேரம் எடுக்கும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன் பிரேக்கை மழையில் மெதுவாகத்தான் தொட வேண்டும்.

மலைச்சக்கரம் | 2.03
அதைத்தான் நானும் சொன்னேன்.

தேயிலைத்தோப்பு | 2.07
அண்ணன்மார், பிள்ளை மழைக்குள் நிற்கிறது. பிரேக் கதை பிறகு. தம்பி, ஒட்டுவதற்கு இடம் இல்லையென்றால் கண்டிப் பக்கம் இறங்கும் மரக்கறி லொறிகளைக் கேளுங்கள், இந்த ரோட்டில் பகல் முழுக்க ஓடும். சைக்கிளை மேலே கட்டிக் கம்பளையில் இறக்கிவிடுவார்கள். கம்பளையில் ரயிலும் இருக்கிறது.

கொட்டகலைக்காரன் | 2.10
கடைக்கார அக்காவிடமே பிளாஸ்டர் கேட்டுப் பாருங்க. வீட்டோடு இருக்கிற கடையில் கட்டாயம் ஒரு சுருள் இருக்கும். போனை அணைத்து வையுங்க.

வெலிமடை ஓட்டம் | 3.40
என்ன ஆச்சு?

தேயிலைத்தோப்பு | 5.15
பதில் இல்லை. சார்ஜ் முடிந்திருக்கும்.

செங்கலடியான் | இரவு 8.22
கம்பளை வந்துவிட்டேன், ஓடித்தான். ரிம் பட்டி ஒரு பக்கம் ஒதுங்கி ஆறு துளை வெளியே தெரிந்தது. கடைக்கார அம்மா பிள்ளையின் காலுக்கு வைத்திருந்த பிளாஸ்டர் சுருளை அப்படியே தந்தார், காசு வாங்கவில்லை. 65 அடித்தேன். புசல்லாவையில் ஒரு தரம் நின்று ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இருந்தது, ஆறவிட்டுப் புறப்பட்டேன். கொட்டகலை அண்ணன், நன்றி. நாளை பேராதனை.