பெயர் எழுதாத மருந்துப் பைகள்

துணுக்காய் வாசகி:
என் தாயாருக்குப் பிரசரும் சலரோகமும் உண்டு. மாதாந்தக் கிளினிக்கில் பிரசருக்கு லொசார்ட்டானும் சலரோகத்துக்கு மெற்போமினும் இலவசமாகக் கிடைக்கின்றன. முழங்கால் வலியோ காய்ச்சலோ வந்தால் மட்டும், மாலையில் திறக்கும் தனியார் வைத்தியரிடம் அழைத்துச் செல்கிறோம். அங்கே வைத்தியர் கட்டணத்தையும் மருந்துக் காசையும் ஒரே தொகையாக வாங்குகிறார்கள். அது ஏறிக்கொண்டே போகிறது. தரப்படும் சிறிய கடதாசிப் பைகளில் ‘காலை 1, இரவு 1’ என்பதைத் தவிர, மருந்தின் பெயரோ மில்லிகிராம் அளவோ இருப்பதில்லை. எந்த வருத்தத்துக்குப் போனாலும் நான்கைந்து பைகளுக்குக் குறைவதில்லை. இத்தனையும் தேவைதானா? மருந்துத் துண்டு எழுதுவித்து மருந்துக்கடையில் வாங்கினால் செலவு குறையுமா?

வவுனியா தாதி:
தங்கச்சி, செலவைவிட அந்த முழங்கால் வலிக் குளிசைதான் எனக்குக் கவலை தருகிறது. டைக்ளோபெனக், இபுபுரோபன் போன்ற நோக்குளிசைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. லொசார்ட்டான் எடுக்கும் முதியவருக்கு அந்த ஆபத்து கூடுவதோடு, பிரசர் மருந்தின் பலனும் குறையும். காரணம் தெளிவாக அறியப்படாத சிறுநீரக நோயால் கமக்காரர்கள் பாதிக்கப்படுகின்ற எங்கள் மாவட்டத்தில், நாள் முழுவதும் வெயிலில் நின்றுவிட்டு இரவில் நோக்குளிசை போடும் பழக்கத்தைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. டெங்கு என்ற சந்தேகமிருந்தாலும் இவற்றைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் இரத்தப்போக்கு ஏற்படலாம். கிளினிக் கொப்பியைத் தனியார் வைத்தியரிடமும் கட்டாயம் காட்டுங்கள்.

மல்லாவி கமக்காரர்:
வைத்தியரை மட்டும் குறை கூறுவது நியாயமல்ல. எங்கள் பக்கத்தில் வேலை முடிந்து வருபவனுக்குத் திறந்திருப்பது அவருடைய கதவு ஒன்றுதான். ஊசி போடாமல் பரசிற்றமோல் மட்டும் தந்து அனுப்பினால், ‘இவருக்கு வைத்தியம் தெரியாது’ என்று அடுத்த ஊருக்குப் போகிறவர்களும் நாங்கள்தான். கிளிநொச்சிக்குப் போய்வரும் செலவையும் ஒரு நாள் கூலியையும் கணக்கிட்டால், அவர் வாங்கும் தொகை அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

துணுக்காய் வாசகி:
அண்ணா கூறுவதையும் மறுக்க முடியவில்லை. நேற்றுக் கொப்பியைக் காட்டிப் பெயர்களைக் கேட்டபோது, வைத்தியர் சிறிதும் முகம் சுளிக்காமல் எழுதித் தந்தார்: டைக்ளோபெனக், ஒமெப்பிரசோல், பரசிற்றமோல், விற்றமின் பி. கொப்பியில் லொசார்ட்டானைக் கண்டதும் டைக்ளோபெனக் பையைத் தாமே திருப்பி எடுத்துக்கொண்டார்.

கிளிநொச்சி மருந்தாளர்:
அப்படியானால் ஒமெப்பிரசோல் இன்னும் தேவையா என்றும் கேளுங்கள். நோக்குளிசை வயிற்றைப் புண்ணாக்காதிருக்கவே பெரும்பாலும் அதைச் சேர்ப்பார்கள். ஒரு குளிசை இன்னொரு குளிசையைக் கூட்டிவருவது இவ்வாறுதான். விற்றமினையும் அவசியமா என்று கேட்கலாம், ஆனால் மெற்போமின் நெடுநாள் எடுப்பவர்களுக்கு பி12 குறையக்கூடும் என்பதால் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

விலை வேறுபாட்டுக்கு முக்கிய காரணம் வணிகப் பெயர். ஒரே மருந்து, ஒரே அளவு, ஆனால் பெட்டியின் பெயருக்கேற்ப விலை பல மடங்கு மாறும். மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானதே, தேவையான மருந்துகளை மூலப்பெயரில் (கம்பனி வைக்கும் பெயரிலன்றி மருந்தின் பொதுப்பெயரில்), போட்டி விலையில் கொள்வனவு செய்வதற்காகத்தான். 2022இல் ரூபாய் வீழ்ந்தபோது இறக்குமதி மருந்துகளின் விலை எகிறியதால், இந்த வேறுபாடு இன்று கூடுதலாகவே சுடுகிறது. துண்டில் மூலப்பெயரை எழுதும்படி வைத்தியரிடம் கேளுங்கள். கடையில், ‘இதே மருந்தில் விலை குறைந்தது எது?’ என்று கேட்டு, விலைச் சிட்டையுடன் வாங்குங்கள். மூன்று நாள் மருந்தென்றால் வைத்தியர் தருவதே இலாபமாக இருக்கலாம். மாதக்கணக்கில் எடுப்பதற்குத்தான் துண்டு பயன்படும்.