"இசட்டே!" என்று திட்ட, தமிழில் எந்த எழுத்து?

ஷேக்ஸ்பியரின் கிங் லியர், இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. மேடைக்காகத் தமிழாக்கும்போது ஒரே ஒரு வசவில் நான்கு நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

கென்ட், ஆஸ்வால்டை எச்சில் தின்னி, கோழை என்று வரிசையாகத் திட்டுவான். அதெல்லாம் சுலபமாக வந்துவிட்டது. நம்மிடம் சரக்குக்கா பஞ்சம்? பிறகு, 'இசட்டே, தேவையில்லாத எழுத்தே' என்பான். அந்தக் காலத்தில் இசட்டின் வேலையைப் பெரும்பாலும் எஸ்ஸே பார்த்துக்கொண்டது என்பதுதான் குத்தல்.

முதலில் 'ங' போட்டேன். 'ஙப் போல் வளை' என்று ஆத்திசூடி படித்தவர்களுக்கு அது பாராட்டாகிவிடுகிறது. அப்புறம் 'ஃ'. அதுவோ ஃபேன், ஃபோன் என்று இப்போது ஓயாமல் உழைக்கிறது. 'ஔ' கச்சிதம்தான், 'அவ்' என்றே எழுதிவிடலாமே! ஆனால் வாசித்துக் காட்டியபோது, "ஔவையாரையா கூப்பிடுகிறான்?" என்று நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். 'உப்புக்குச் சப்பாணி' என்றால் பொருள் வருகிறது, எழுத்து போய்விடுகிறது. அடிக்குறிப்பு போடலாம் என்று சொல்லாதீர்கள், மேடையில் ஏது அடிக்குறிப்பு?

சனிக்கிழமைக்குள் பிரதி நடிகர்கள் கைக்குப் போக வேண்டும். காதில் விழுந்ததுமே வசவு என்று புரிகிற மாதிரி இங்கே எந்தத் தமிழ் எழுத்தைப் போடலாம்?