பாட்டு எழுதிய தபால்காரர் ஜான் பிரைன் எப்படிப் பிழைத்தார்?

கொரடாச்சேரி தபால்காரன்:

கொரடாச்சேரிப் பக்கம் ஒரு கிளை அஞ்சலகத்தில் தபால் கொடுக்கிறேன். பாட்டும் கட்டுவேன். திருவிழாக் கும்மி, காதுகுத்து வாழ்த்து, கருமாதி நோட்டீஸில் நாலு வரி என்று ஊரில் யார் கேட்டாலும் எழுதிக் கொடுப்பது வழக்கம். காசு வாங்குவதில்லை.

பொங்கலுக்கு வந்த அக்காள் மகன், "மாமா, அமெரிக்காவிலும் உங்களைப் போல ஒரு தபால்காரர் பாட்டு எழுதியிருக்கிறார்" என்று ஜான் பிரைனின் பாட்டுகளைக் கைப்பேசியில் ஏற்றிவிட்டுப் போனான். 1946இல் இல்லினாய் மாநிலத்து மேவுட் என்ற ஊரில் பிறந்தவர். தபால் பையைச் சுமந்துகொண்டே பாட்டுக் கட்டினாராம். முழுக்க நம்புகிறேன். பழகிய தெருவில் காலுக்குத்தான் வேலை. தலை சும்மாதான் இருக்கும். கன்ட்ரி இசை, அதாவது அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு வகை என்று பையன் சொன்னான். கௌபாய்த் தொப்பியையும் குதிரையையும் நான் தேடிப் பார்த்தேன், காணோம்.

என்னைப் பிடித்துக்கொண்டது 'ஹலோ இன் தேர்' என்ற பாட்டு. வயதான கணவன், மனைவி. பிள்ளைகள் ஆளுக்கொரு திசை. ஒருவன் கொரியப் போரில் போய்விட்டான். அவ்வளவுதான் கதை. சிறுவனாக இருந்தபோது முதியோர் இல்லம் ஒன்றில் செய்தித்தாள் போட்ட அனுபவம் அதில் இருக்கிறதாம். அந்த இசைத்தட்டு 1971இல் வந்தபோது இவருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்த காலத்தில் என் தடத்தில் ஓர் அப்பாயி இருந்தார். கைநாட்டு வைத்தபிறகு கட்டைவிரலைத் துடைக்க மாட்டார். விரலை நிமிர்த்தியபடி, "மை காயட்டும் தம்பி, உட்கார்" என்பார். அந்த மை காய எவ்வளவு நேரம் ஆகும்? அவருடைய கணக்கில் அரைமணி நேரம். நானும் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். அந்த அரைமணியை இந்த மனிதர் பாட்டாக்கியிருக்கிறார். ஐயோ பாவம் என்று ஒரு சொல் இல்லை, அரசே கவனி என்றும் இல்லை.

இப்போது என் சங்கதி. கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் குவித்துவிட்டுக் காவல் படுத்திருந்த ஒருவரைப் பற்றி ஒரு பாட்டு எழுதினேன். மழை வந்து, தார்ப்பாய்க்குள்ளேயே நெல் முளைத்துவிட்டது. நான் பார்த்தது, பாட்டிலும் முளைத்துத்தான் போகிறது. பாட்டுகளைப் படமாக்கி வெளியிடும் ஒரு தம்பிக்கு மெட்டுப் பிடித்துவிட்டது. ஆனால், "கடைசியில் மூட்டை எல்லாம் எடைபோட்டுப் போனதாகவும், மகள் கல்யாணம் நடந்ததாகவும் முடியுங்கள். நாதஸ்வரம் வைத்தால் ஊரே பார்க்கும்" என்கிறார். பணமும் தருவதாகச் சொல்கிறார்.

என் கேள்வி இதுதான். இந்த ஜான் பிரைன் வளைந்து கொடுக்காமல் எதை வைத்துச் சோறு தின்றார்? எனக்குச் சம்பளம் இருக்கிறது, அவர் வேலையை விட்டவர் ஆயிற்றே. அடுத்து எந்தப் பாட்டுகளைக் கேட்கலாம் என்றும் சொல்லுங்கள். என் ஆங்கிலம் பத்தாம் வகுப்போடு நின்றது.

குடமுருட்டி:

அண்ணா, சிகாகோவில் ஒரு சின்ன விடுதியில் பாடிக்கொண்டிருந்தவரை முதலில் எழுதி அறிமுகம் செய்தவர் ஒரு சினிமா விமர்சகர், ரோஜர் ஈபர்ட். 1970இல் சிகாகோ சன்-டைம்ஸில். பிறகு பாடகர் கிறிஸ் கிறிஸ்டாபர்சன் கேட்டு வியந்தார், இசைத்தட்டு வந்தது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனை சுமார்தான். பெரிய நிறுவனங்களோடு பத்து ஆண்டு இருந்து பார்த்துவிட்டு, 1981இல் தன் மேலாளரோடு சேர்ந்து 'ஓ பாய் ரெக்கார்ட்ஸ்' என்று இசைத்தட்டு வெளியிடும் சொந்தக் கடையே போட்டுவிட்டார். வராத இசைத்தட்டுக்கு ரசிகர்கள் முன்கூட்டியே பணம் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில்தான் அடுத்த இசைத்தட்டு பதிவானது. உங்கள் கேள்விக்குப் பாதி விடை இது.

மீதிப் பாதி உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். இவர் பாட்டை மற்றவர்கள் பாடிப் புகழாக்கினார்கள். 'ஏஞ்சல் ஃப்ரம் மான்ட்கோமரி'யை 1974இல் பானி ரேயிட் பாடினார். இவர் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய ஒரு நடனப் பாட்டை 1998இல் ஜார்ஜ் ஸ்ட்ரெயிட் பாட, கன்ட்ரி வரிசையில் முதலிடம். அதே ஆண்டில்தான் இவருக்குக் கழுத்துப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் நடந்தது. ஆக, ஹிட் பாட்டு இவர் வீட்டிலும் உலை வைத்திருக்கிறது.

ஆனால் இதையும் கேளுங்கள். நண்பர் ஸ்டீவ் குட்மனோடு சேர்ந்து கன்ட்ரி பாட்டுகளைக் கேலி செய்து ஒரு பாட்டு எழுதினார். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்காரர்கள் மனம் நோகும் என்று தன் பெயரைப் போட வேண்டாம் என்றுவிட்டார். 1975இல் டேவிட் ஆலன் கோ பாடி அது பெரிய வெற்றி. பெயர் குட்மனுக்கு மட்டும்தான். என்ன மனிதர் பாருங்கள்.

பட்டுக்கோட்டை ரோடு:

சந்தைக்கு எழுதினால் பொய், திண்ணையில் எழுதினால் உண்மை என்று பேசுவதை நிறுத்துங்கள் ஐயா. செங்கப்படுத்தான்காட்டில் 1930இல் பிறந்த கல்யாணசுந்தரம் உப்பளத்தில் வேலை பார்த்தார், மாடு மேய்த்தார், மாம்பழம் விற்றார், நண்டு பிடித்தார். அப்புறம் சென்னைக்குப் போய் சினிமாவுக்கு எழுதினார். மெட்டு இன்னொருவருடையது, சூழல் இயக்குநருடையது, வாயசைத்தவர் நட்சத்திரம். 1959இல் இருபத்தொன்பது வயதில் போகும்வரை எழுதியதில் எதைப் பொய் என்று ஒதுக்குவீர்கள்? தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்பறுத்த கூலிக்காரர் வரை அவர் பாட்டுப் போய்ச் சேர்ந்தது படத்தால்தான். அந்தத் தம்பி வெளியிட்டால் உங்கள் நெல்லையும் நாலு பேர் பார்ப்பார்கள். முடிவைக் கொஞ்சம் மாற்றினால் குடி முழுகிவிடாது.

வடசேரி மருமகள்:

நான் வேறொன்று சொல்கிறேன். 'பாரடைஸ்' என்ற பாட்டை அவசியம் கேளுங்கள் அண்ணா. கென்டக்கி மாநிலத்தில் மூலன்பர்க் வட்டாரம், கிரீன் ஆறு. பிரைனின் பெற்றோருக்கு அந்தப் பக்கம். நிலக்கரிக்காக மண்ணை மேலிருந்து சுரண்டிச் சுரண்டி எடுத்தார்கள். பாரடைஸ் என்ற அந்தச் சிற்றூரே இப்போது கிடையாது. அப்பாவுக்காக எழுதிய பாட்டு.

2023 ஏப்ரலில் ஒன்றிய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் எங்கள் வடசேரியின் பெயரைப் பார்த்த அன்று இந்தப் பாட்டுத்தான் காதில் ஓடியது. 2020இலேயே டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டாயிற்று, பிறகும் பெயர் வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு நீக்கினார்கள். மீத்தேன் எதிர்ப்புக் காலத்திலிருந்து மேடைகளில் எத்தனையோ பாட்டுக் கேட்டிருக்கிறேன். எல்லாம் நியாயமான பாட்டுகள், ஒன்றுகூட எனக்கு மனப்பாடம் இல்லை. எல்லாவற்றிலும் "மண்", "மானம்", "விடமாட்டோம்". எந்த வாய்க்கால், யார் வீட்டுப் படித்துறை என்று ஒருவரும் சொல்லவில்லை. பிரைன் வாதமே செய்யவில்லை. அப்பாவிடம் அங்கே கூட்டிப்போ என்று ஒரு பிள்ளை கேட்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் மாமியார் நடவுக்குப் போனவர். பண்ணையார் வரப்பில் நிற்கும்போதே அவருடைய அளக்கும் மரக்காலைப் பற்றிப் பாடுவார்களாம். நேரே சொன்னால் வேலை போகும், பாட்டில் சொன்னால் அவரும் சிரித்துக்கொண்டே கேட்டாக வேண்டும். இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டது, அதன் சத்தத்துக்கு மேல் யார் பாடுவது?

பட்டுக்கோட்டை அண்ணாச்சி கோபிக்க வேண்டாம். "கொஞ்சம் மாற்றினால்" என்று நீங்கள் சொல்லும் கொஞ்சத்தில்தான் அந்த மனிதரின் ஒரு போக நெல் இருக்கிறது.

கொரடாச்சேரி தபால்காரன்:

அனைவருக்கும் நன்றி. பட்டுக்கோட்டை ஐயா, கல்யாணசுந்தரம் பேரைச் சொன்னால் நான் எழுந்து நிற்பேன், அதில் சண்டை இல்லை. மெட்டை மாற்றச் சொன்னால் மாற்றுவேன். இரண்டு சரணத்தைக் குறைக்கச் சொன்னால் குறைப்பேன். நடந்ததை நடக்கவில்லை என்று எழுதச் சொன்னால்தான் கை வரமாட்டேன் என்கிறது. அந்தக் குவியலுக்குச் சொந்தக்காரர் என் தடத்தில் இருப்பவர். நாளைக்கு அவர் வீட்டுக்குத் தபால் கொண்டுபோகும்போது, "என் நெல் எப்போது தம்பி விற்றது?" என்று கேட்டால் என்ன சொல்வேன்? நாதஸ்வரம் வேண்டுமானால் வைக்கட்டும், நெல் முளைக்கும் இடத்திலேயே வைக்கட்டும். தம்பியிடம் இப்படிச் சொல்லிப் பார்க்கிறேன்.

குடமுருட்டித் தம்பி, பாட்டு வரிசையைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

குடமுருட்டி:

சொல்கிறேன் அண்ணா. 2018இல் வந்த 'தி ட்ரீ ஆஃப் ஃபர்கிவ்னஸ்' இசைத்தட்டில் தொடங்குங்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் கரகரத்து இறங்கிவிட்டது. நிறுத்தி நிதானமாகப் பாடுவார், பத்தாம் வகுப்பு ஆங்கிலம் தாராளமாகப் போதும். 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்துபோனார், அவர் வாழ்ந்தபோது வெளிவந்த கடைசிப் புதுப் பாட்டுத்தொகுப்பு அதுதான். பிறகு 1971இல் வந்த முதல் இசைத்தட்டை முழுதாகக் கேளுங்கள். போரிலிருந்து போதைப் பழக்கத்தோடு வீடு திரும்பும் 'சாம் ஸ்டோன்' அதில்தான் இருக்கிறது, அதை இரவில் கேட்காதீர்கள். அது முடிந்தால் கை கிளார்க் (Guy Clark) என்ற டெக்சாஸ் பாட்டுக்காரர். கிடார் செய்யும் கைவேலையும் தெரிந்தவர். அப்பாவின் கத்தியைப் பற்றி 'தி ரேண்டல் நைஃப்' என்று ஒரு பாட்டு வைத்திருக்கிறார். பாதி பேச்சுத்தான், உங்களுக்கு எளிதாகப் புரியும்.

உங்கள் நெல் பாட்டை இங்கே போடுங்கள். வடசேரி அக்காவும் மாமியாரிடம் கேட்டு அந்த மரக்கால் பாட்டைப் போட்டால் நல்லது.